கொழுப்பைக் குறைக்கும் மருந்துகள்: சேரத்தக்கவையும் சேரத்தகாதவையும்

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் வேளாண்மை செய்துவரும் என் மாமனார் சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் கோவையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வயது அறுபத்தெட்டு. ஒரு மாத காலமாகக் கெண்டைக்கால் சதை வலிக்கிறது என்றும், வரப்பில் நடந்தால் கால் துவளுகிறது என்றும் சொன்னார். நாற்று நடவு வேலையின் அலுப்பு என்று அவரே அதற்குக் காரணமும் கூறிக்கொண்டார்.

இரவு உணவுக்குப் பின் துணிப்பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமீது பரப்பினார். "ஏனுங்க மாப்பிள்ளை, சர்க்கரைக்கு ஈரோட்டில ஒரு டாக்டருங்க, இருதயத்துக்கு இங்க ஒரு டாக்டருங்க. ரெண்டு பேருமே கெட்டிக்காரருங்க. ரெண்டு பேர் குடுத்ததையும் ஒரு வேளை விடாமச் சாப்பிடறனுங்க" என்றார்.

அட்டைகளை விளக்கடியில் பிடித்து, பின்புறமுள்ள பொடி எழுத்துகளைப் படித்தேன். ஓர் அட்டையில் அட்டோர்வாஸ்டேட்டின் 20 மில்லிகிராம். மற்றோர் அட்டையின் வணிகப் பெயர் முற்றிலும் வேறு. ஆனால் அதனுள்ளும் அட்டோர்வாஸ்டேட்டின் 10 மில்லிகிராம் இருந்தது. உடன் ஃபெனோஃபைப்ரேட் 160 மில்லிகிராமும் சேர்ந்திருந்தது. ஒரே மருந்தை இரு பெயர்களில் அவர் உண்டு வந்தார். ஒரு மருத்துவர் எழுதிய சீட்டை மற்றவரிடம் அவர் காட்டியதே இல்லை.

நான் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். எனினும் அந்த இரவு எழுந்த ஐயம் என்னை விடவில்லை. கொழுப்பைக் குறைக்கும் இரு மருந்துகளைச் சேர்த்து உண்ணலாமா? எவை சேரும்? எவை சேரா? ஏன்? மருத்துவ நூல்களில் தேடியபோது, இதற்கான விடையின் பெரும்பகுதி நம் வாய்க்கால்களையும் வடிகால்களையும் பற்றிய எளிய கணக்கே என்று கண்டேன். அதனை இங்கே வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

இரத்தத்தில் பயணம் செய்யும் கொழுப்பு

எண்ணெயும் நீரும் கலவா என்பதை நாம் அறிவோம். இரத்தம் பெரும்பாலும் நீரே. ஆகவே கொழுப்புப் பொருள்கள் அதில் தாமாகக் கரைந்து செல்ல இயலாது. புரத உறை போர்த்த நுண்ணிய உருண்டைகளில் ஏறித்தான் அவை பயணம் செய்கின்றன. இவ்வுருண்டைகளுள் எல்.டி.எல். எனப்படுபவை கொலஸ்ட்ராலைத் திசுக்களுக்குச் சுமந்து செல்பவை. அளவு மிகும்போது தமனிகளின் சுவரில் படிந்து அடைப்புக்கு வழிகோலுபவையும் இவையே. எச்.டி.எல். எனப்படுபவை மிகுதியான கொலஸ்ட்ராலைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுவருவதில் பங்கேற்பவை. டிரைகிளிசரைடு என்பது மற்றொரு வகைக் கொழுப்பு. நாம் உண்ணும் எண்ணெயும் நெய்யும் பெரும்பாலும் இதனாலானவையே. மிகுதியாக உண்ட சோறும் சர்க்கரையும் மதுவும்கூட உடலுள் இதுவாக மாறும்.

இரத்தப் பரிசோதனைத் தாளில் காணும் எண்களுள் எல்.டி.எல். பல ஆய்வுக்கூடங்களில் நேரே அளக்கப்படுவதில்லை, கணக்கிடப்படுகிறது. 1972-ஆம் ஆண்டு ஃபிரீட்வால்டும் அவருடைய தோழர்களும் வகுத்த சூத்திரம் எளியது. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல். அளவைக் கழிக்க வேண்டும். டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். மொத்தம் 220, எச்.டி.எல். 36, டிரைகிளிசரைடு 240 எனில், எல்.டி.எல். 220 - 36 - 48 = 136 மில்லிகிராம் ஆகும். டிரைகிளிசரைடு 400-க்கு மேற்பட்டால் இக்கணக்கு பொய்த்துவிடும். அப்போது நேரடி அளவையே நம்பத் தக்கது.

நம் நாட்டு மக்களின் இரத்தத்தில் ஒரு தனிப்போக்கு காணப்படுகிறது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்திய ஆய்வின் முதற்கட்டம் தமிழ்நாடு, மகாராட்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு பகுதிகளில் நடைபெற்றது. அதன் கொழுப்பு முடிவுகள் 2014-இல் வெளியாயின. மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்தோர் 13.9 விழுக்காடு, டிரைகிளிசரைடு மிகுந்தோர் 29.5 விழுக்காடு, எச்.டி.எல். குறைந்தோரோ 72.3 விழுக்காடு. அதாவது, கொலஸ்ட்ரால் மிகுதியைக் காட்டிலும் டிரைகிளிசரைடு மிகுதியும் எச்.டி.எல். குறைவுமே நம்மிடையே பரவலானவை. நீரிழிவு நோயாளிகளிடம் இப்போக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கொழுப்பு மருந்துகள் இடம்பெறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மருந்துகள் எங்கே வேலை செய்கின்றன?

வயலில் நிற்கும் நீரின் மட்டத்தைக் குறைக்க இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, நீர் வரும் மதகை இறக்குவது. மற்றொன்று, வடிகாலைத் திறந்துவிடுவது. கொழுப்பைக் குறைக்கும் மருந்துகளும் இவ்விரு வழிகளிலேயே செயற்படுகின்றன.

ஸ்டேட்டின்கள் என்னும் குடும்பம் முதலிடம் பெறுவது. உடலிலுள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை உடலே ஆக்கிக்கொள்கிறது. கல்லீரலில் இவ்வாக்கத்தின் வேகத்தை ஒரு நொதி கட்டுப்படுத்துகிறது. அந்நொதியை முடக்கும் பொருளை 1973-இல் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தவர் ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ. இவ்வகையில் முதன்முதலாக 1987-இல் விற்பனைக்கு வந்தது லோவாஸ்டேட்டின். ஸ்டேட்டின் உண்ணும்போது கல்லீரலில் கொலஸ்ட்ரால் ஆக்கம் குறைகிறது. அதனை ஈடுகட்டக் கல்லீரல் தன் புறப்பரப்பில் மிகுதியான ஏற்பிகளைத் தோற்றுவித்து, இரத்தத்திலுள்ள எல்.டி.எல். உருண்டைகளை இழுத்துக்கொள்கிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர்.

எசெட்டிமைப் என்னும் மருந்து சிறுகுடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. பிசின் வகை மருந்துகள் குடலிலேயே தங்கிப் பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு மலத்துடன் வெளியேறுகின்றன. இழந்த பித்த அமிலத்தை ஆக்கக் கல்லீரல் கொலஸ்ட்ராலைச் செலவிட வேண்டியதாகிறது. ஃபைப்ரேட்டுகள் முக்கியமாக டிரைகிளிசரைடைக் குறைப்பவை. மீன் எண்ணெயிலிருந்து பெறப்படும் ஒமேகா-3 அமிலங்களும் மிகுந்த அளவில் டிரைகிளிசரைடைக் குறைக்கும். 2015-க்குப் பின் வந்த சில ஊசி மருந்துகள், கல்லீரல் ஏற்பிகளை அழிக்கும் ஒரு புரதத்தை அடக்கி, அவ்வேற்பிகள் நீடித்து உழைக்கச் செய்கின்றன.

இரண்டைச் சேர்ப்பதன் பயன்

ஒரே மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் போதாதா, இரண்டாவது மருந்து எதற்கு என்று மாணவர் கேட்கலாம். இங்கே ஒரு சுவையான கணக்கு இருக்கிறது.

ஸ்டேட்டினின் அளவை இருமடங்காக்கினால் பயன் இருமடங்காவதில்லை. ஒவ்வோர் இரட்டிப்புக்கும் எல்.டி.எல். குறைவு ஏறத்தாழ 6 விழுக்காட்டுப் புள்ளிகளே கூடுகிறது. அட்டோர்வாஸ்டேட்டின் 10 மில்லிகிராம் எல்.டி.எல். அளவை ஏறத்தாழ 38 விழுக்காடு குறைக்கிறது என்று கொள்வோம். 20 மில்லிகிராம் 44. 40 மில்லிகிராம் 50. 80 மில்லிகிராம் 56. எட்டு மடங்கு மருந்துக்கு நாம் பெறும் கூடுதல் பயன் 18 புள்ளிகளே. ஆனால் தசைவலி முதலான தொல்லைகளோ மருந்தளவு ஏற ஏறக் கூடுகின்றன.

இனி வேறொரு வழியில் வேலை செய்யும் எசெட்டிமைபைச் சேர்த்துப் பார்ப்போம். அது எஞ்சியுள்ள எல்.டி.எல். அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கும். தொடக்கத்தில் எல்.டி.எல். 160 எனில், 10 மில்லிகிராம் ஸ்டேட்டின் அதனை 99-க்குக் கொணரும். எசெட்டிமைப் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து 79-க்குக் கொணரும். மொத்தக் குறைவு 50 விழுக்காடு. நான்கு மடங்கு ஸ்டேட்டினால் பெறக்கூடிய பயன் இதுவே. இங்கே 38-ஐயும் 20-ஐயும் கூட்டி 58 என்று சொல்லக்கூடாது என்பதையும் மாணவர் கவனிக்க வேண்டும். இரண்டாம் மருந்து முதல் மருந்து விட்டுவைத்ததன்மீதே செயற்படுவதால், இக்கணக்கு கூட்டற் கணக்கன்று, பெருக்கற் கணக்கு.

இச்சேர்க்கை எண்ணைக் குறைப்பதோடு மாரடைப்பையும் குறைக்கிறதா? மாரடைப்பு போன்ற கடும் இதய நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்து சில நாள்களே ஆன 18,144 பேரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. ஏழாண்டுக் கணக்கில், ஸ்டேட்டின் மட்டும் உண்டவர்களில் 34.7 விழுக்காட்டினருக்கு இதயத் தீங்குகள் நேர்ந்தன. எசெட்டிமைபும் சேர்த்து உண்டவர்களில் 32.7 விழுக்காட்டினருக்கு நேர்ந்தன. நூற்றுக்கு இரண்டு பேர் தப்பினர். பயன் சிறிதெனினும் உண்மையானது. தசைக்கேடோ கல்லீரல் கேடோ இச்சேர்க்கையால் மிகவில்லை. வெவ்வேறு மதகுகளை இறக்கும் இரு மருந்துகள் சேரத்தக்கவை என்பதற்கு இது நல்ல சான்று.

வடிகால் அடைபட்டால்

இப்போது மறுபக்கத்தைக் காண்போம். மருந்து கொழுப்பைக் குறைக்கிறது. ஆனால் மருந்தையும் உடல் வெளியேற்றியாக வேண்டும். நாம் உண்ட மாத்திரை இரத்தத்தில் எவ்வளவு நிற்கும் என்பதை வாயின் வழி வரும் வரவும், கல்லீரல், சிறுநீரகம் வழிச் செல்லும் செலவும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

ஒரு தொட்டியில் நாள்தோறும் காலையில் 40 லிட்டர் நீர் ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். மறுநாள் காலைக்குள் தொட்டியில் இருப்பதில் பாதி வடிந்துவிடும். முதல் நாள் ஊற்றியவுடன் 40 லிட்டர். இரண்டாம் நாள் 20-உம் 40-உம் சேர்ந்து 60. மூன்றாம் நாள் 70. நான்காம் நாள் 75. இப்படியே ஏறி, மட்டம் 80 லிட்டரில் நிலைபெறும். இனி வடிகாலில் ஏதோ அடைத்துக்கொண்டு, பாதிக்குப் பதில் கால் பங்கே வடிகிறது என்க. ஊற்றுவது அதே 40 லிட்டர்தான். ஆயினும் மட்டம் 160 வரை உயர்ந்துவிடும். வடிகால் பாதியாயிற்று, மட்டம் இரட்டித்தது. மாத்திரையைக் கூட்டாமலே மருந்து கூடிவிடும் விந்தை இதுதான்.

கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் பல உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு வடிகால். ஒரு மருந்து வெளியேறும் வடிகாலை மற்றொரு மருந்து அடைத்துக்கொண்டால், முதல் மருந்து தேங்கி நஞ்சாகும். இது ஏட்டுக் கணக்கன்று. உலகம் இதனைப் பெருவிலை கொடுத்துக் கற்றது.

2001: ஒரு பாடம்

செரிவாஸ்டேட்டின் என்னும் ஸ்டேட்டின் 1997-இல் அமெரிக்காவில் இசைவு பெற்றது. ஜெர்மனியின் பேயர் நிறுவனத் தயாரிப்பு. மில்லிகிராமுக்கும் குறைந்த அளவிலேயே அது வேலை செய்தது. டிரைகிளிசரைடு மிகுந்த நோயாளிகள் சிலர் அத்துடன் ஜெம்ஃபைப்ரோசில் என்னும் ஃபைப்ரேட்டையும் உண்டனர். ஒன்று எல்.டி.எல். அளவைக் குறைக்கும், மற்றொன்று டிரைகிளிசரைடைக் குறைக்கும். ஆகவே இரண்டும் சேர்ந்தால் நன்மையே என்று தோன்றுவது இயல்புதானே?

ஆனால் செரிவாஸ்டேட்டின் பெரிதும் நம்பியிருந்த நொதியை ஜெம்ஃபைப்ரோசில் முடக்கிவிட்டது. ஸ்டேட்டினைக் கல்லீரலுக்குள் ஏற்றிச் செல்லும் புரதத்தையும் அது தடுத்தது. பின்லாந்தில் உடல்நலமுள்ளவர்களிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஜெம்ஃபைப்ரோசிலுடன் உண்டபோது செரிவாஸ்டேட்டினின் இரத்தச் சுமை ஐந்தரை மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஒரு மாத்திரை உண்டவருக்கு ஐந்தாறு மாத்திரை உண்ட விளைவு.

மிகுந்த ஸ்டேட்டின் எலும்புத் தசைகளைத் தாக்கும். முதலில் வலியும் சோர்வும் தோன்றும். கேடு முற்றினால் தசைநார்கள் சிதைந்து, அவற்றிலுள்ள செந்நிறப் புரதம் இரத்தத்தில் கலக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறம் கொள்ளும். அப்புரதம் சிறுநீரகத்தை அடைத்துச் செயலிழக்கச் செய்யும். செரிவாஸ்டேட்டின் உண்டவர்களிடம் இந்நிலை மற்ற ஸ்டேட்டின்களைவிட மிக அதிகமாகக் காணப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் 31 இறப்புகள் பதிவாயின. அவற்றுள் 12 பேர் ஜெம்ஃபைப்ரோசிலும் உண்டவர்கள். 2001 ஆகஸ்டு 8-ஆம் நாள் அம்மருந்து விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

2004-இல் வெளியான ஓர் அமெரிக்கக் கணக்கெடுப்பு இவ்வேறுபாட்டை எண்களில் காட்டியது. அட்டோர்வாஸ்டேட்டின், பிரவாஸ்டேட்டின், சிம்வாஸ்டேட்டின் ஆகியவற்றுள் ஒன்றைத் தனித்து உண்டவர்களில், மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குத் தசைச் சிதைவு கண்டவர்கள் ஆண்டுக்குப் பதினாயிரத்தில் 0.44 பேர். அவற்றுடன் ஃபைப்ரேட்டும் சேர்ந்தபோது 5.98 பேர். செரிவாஸ்டேட்டினுடன் ஃபைப்ரேட் சேர்ந்தபோதோ 1,035 பேர், அதாவது ஏறத்தாழப் பத்தில் ஒருவர்!

இவ்வெண்களை இருவகையில் படிக்க வேண்டும். தனி ஸ்டேட்டினால் தசைச் சிதைவு நேர்வது மிக மிக அரிது. அஞ்சி மருந்தை நிறுத்துவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். எந்த மருந்துடன் எந்த மருந்து சேர்கிறது என்பதைப் பொறுத்து அதே இடர் ஆயிரம் மடங்குக்கு மேலும் பெருகக்கூடும் என்பது மற்றது.

எந்த ஃபைப்ரேட்?

ஒரு குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள் யாவும் ஒரே குணமுடையவை அல்ல. ஃபெனோஃபைப்ரேட்டும் ஒரு ஃபைப்ரேட்தான். ஆனால் ஜெம்ஃபைப்ரோசிலைப் போல ஸ்டேட்டினின் வடிகாலை அது அடைப்பதில்லை. ஆகவே ஸ்டேட்டினுடன் ஃபைப்ரேட் தேவைப்படும் இடத்தில் மருத்துவர்கள் ஃபெனோஃபைப்ரேட்டையே தேர்ந்தெடுக்கின்றனர். நீரிழிவுடைய 5,518 பேருக்குச் சிம்வாஸ்டேட்டினுடன் ஃபெனோஃபைப்ரேட்டையோ வெற்று மாத்திரையையோ கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 2010-இல் வெளிவந்தது. தசைக்கேடு குறிப்பிடத்தக்க அளவில் மிகவில்லை. ஆனால் மாரடைப்பும் இறப்பும்கூடக் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. டிரைகிளிசரைடு மிக உயர்ந்தும் எச்.டி.எல். மிகக் குறைந்தும் இருந்த ஒரு சாராருக்கு மட்டும் பயன் இருக்கலாம் என்ற குறிப்புக் கிடைத்தது.

2022-இல் பெமாஃபைப்ரேட் என்னும் புதிய ஃபைப்ரேட்டைக் கொண்டு 10,497 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த ஆய்வும் இதே பாடத்தைப் புகட்டியது. டிரைகிளிசரைடு கால் பங்குக்கு மேல் குறைந்தது. இதய நோய் குறையவில்லை. நயாசின் என்னும் வைட்டமினைப் பெருமளவில் ஸ்டேட்டினுடன் சேர்த்து 25,673 பேரிடம் நடத்திய ஆய்விலும் (2014) எண்கள் அழகாயின, இதயத்துக்குப் பயனில்லை, பக்க விளைவுகளே மிகுந்தன. ஒமேகா-3 வகையில் ஒரு தூய வடிவம் நாள்தோறும் 4 கிராம் அளவில் 8,179 பேரிடம் இதயத் தீங்குகளைக் கால் பங்கு குறைத்ததாக 2018-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் வேறொரு கலவையைக் கொண்டு நடத்திய ஆய்வு 2020-இல் பயன் காட்டவில்லை. தாளில் எண் குறைவதும் நெஞ்சில் நோய் குறைவதும் எப்போதும் ஒன்றல்ல என்பதை நாம் உணர வேண்டும்.

எனினும் டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டி, அதிலும் 1,000-ஐ எட்டும்போது, கணையம் திடீரென வீங்கி அழலும் ஆபத்து உண்டு. அப்போது இதயத்தை எண்ணாமல் கணையத்தைக் காக்கவே ஃபைப்ரேட் தேவைப்படும். 2013-இல் இந்தியாவில் நீரிழிவு நோயாளிகளின் டிரைகிளிசரைடு மிகுதிக்கென இசைவு பெற்ற சாரோகிளிட்டசார் என்னும் மருந்து நம் நாட்டிலேயே, சைடஸ் காடிலா நிறுவனத்தில், உருவானது என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

கொழுப்பு மருந்தல்லாத விருந்தாளிகள்

வடிகாலை அடைப்பவை கொழுப்பு மருந்துகள் மட்டுமல்ல. சிம்வாஸ்டேட்டினும் அட்டோர்வாஸ்டேட்டினும் வெளியேறும் நொதியைக் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லிகளும், இட்ராகோனசோல் போன்ற படை மருந்துகளும் தடுக்கின்றன. தொண்டைப் புண்ணுக்கு ஒரு வாரம் உண்ணும் மாத்திரைதானே என்று எண்ணக்கூடாது. இரத்த அழுத்தத்துக்குப் பெரிதும் வழங்கப்படும் அம்லோடிபினுடன் சிம்வாஸ்டேட்டின் 20 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்று அமெரிக்க மருந்து நிருவாகம் 2011-இல் வரையறுத்தது. பம்ப்ளிமாஸின் உறவான கிரேப்ஃபுரூட் பழச்சாறும் குடலிலுள்ள இதே நொதியை முடக்கும். இயற்கை உணவு என்ற பெயரில் விற்கப்படும் சிவப்பு ஈஸ்ட் அரிசியில் லோவாஸ்டேட்டினே இயல்பாக அமைந்துள்ளது. மாத்திரை உண்பவர் அதனையும் உண்டால் இரட்டை ஸ்டேட்டின் உண்டவராவார்.

சில சேர்க்கைகள் எதிர்த் திசையில் கெடுக்கும். பித்த அமிலத்தைப் பற்றும் பிசின் மருந்துகள் உடன் உண்ட பிற மாத்திரைகளையும் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். மேலும் டிரைகிளிசரைடையும் உயர்த்தும். ஆகவே பிற மருந்துகளைப் பிசினுக்கு ஒரு மணி நேரம் முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் பின்போ உண்ண வேண்டும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினிய, மக்னீசிய மருந்து, ரோசுவாஸ்டேட்டின் உறிஞ்சப்படுவதை ஏறத்தாழப் பாதியாக்கும். இவ்விரண்டுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

நம்மவர்க்கு ஒரு தனிக் குறிப்பும் உண்டு. சிங்கப்பூரில் ஒரே சூழலில் வாழும் பல இனத்தாரிடம் ரோசுவாஸ்டேட்டினை ஒரே அளவில் கொடுத்து ஆராய்ந்து 2005-இல் முடிவு வெளியிட்டனர். வெள்ளையரை நோக்க, இந்திய வழியினரின் இரத்தத்தில் அதன் சுமை ஏறத்தாழ 1.6 மடங்கு, சீனரிடம் 2.3 மடங்கு. மேலைநாட்டு நூல் கூறும் உயர்ந்த அளவை நமக்கு அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை தேவை என்பதற்கு இது சான்று. ஆசியருக்கு இம்மருந்தை 5 மில்லிகிராமில் தொடங்கக் கருதலாம் என்பது அமெரிக்க நிருவாகத்தின் குறிப்பு.

மருந்துண்போர் செய்ய வேண்டியவை

முதலாவது, மருந்தின் வணிகப் பெயரைவிட, அதன் கீழே பொடி எழுத்தில் உள்ள வேதிப் பெயரை அறிந்துகொள்ளுங்கள். '-ஸ்டேட்டின்' என முடியும் பெயர் இரண்டு அட்டைகளில் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் படிக்கும் மாணவர் ஒருவர் இருந்தால் இது ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது, எந்த மருத்துவரிடம் சென்றாலும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் கொண்டு செல்லுங்கள். நாட்டு மருந்தும் சத்துமாவும் அதில் அடங்கட்டும். மருந்துக்கடையில் சளி, காய்ச்சல் மாத்திரை வாங்கும்போதும் ஸ்டேட்டின் உண்பதைச் சொல்லுங்கள்.

மூன்றாவது, காரணமற்ற தசைவலி, தசைத் தளர்ச்சி தோன்றினால் மருத்துவரிடம் கூறுங்கள். கிரியேட்டின் கைனேஸ் என்னும் இரத்தச் சோதனை தசைச் சிதைவைக் காட்டிக்கொடுக்கும். வலியுடன் சிறுநீரும் கறுத்தால் மறுநாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதியோர், சிறுநீரகக் குறையுடையோர், தைராய்டு சுரப்புக் குறைந்தோர் கூடுதல் விழிப்புடன் இருத்தல் நலம். கருவுற்றோரும் கருவுற எண்ணுவோரும் இம்மருந்துகளைப் பற்றி முன்கூட்டியே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

நான்காவது, இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். ஒருமுறை மாரடைப்பு வந்தவர் ஸ்டேட்டினைக் கைவிடுவது, அதனை உண்பதைவிடப் பெரும் ஆபத்து. மாற்றுவதும் குறைப்பதும் மருத்துவர் செய்ய வேண்டியவை. அவர் சரியாக முடிவு செய்யத் தேவையான செய்திகளைத் தருவது நம் கடமை.

என் மாமனாரை மறுநாள் காலையிலேயே இதய மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இரண்டு அட்டைகளையும் அவர்முன் வைத்தோம். அட்டோர்வாஸ்டேட்டினும் ஃபெனோஃபைப்ரேட்டும் சேரக்கூடாதவை அல்ல, ஆனால் சேர்வது யாரேனும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார் அவர். தசை, சிறுநீரகச் சோதனைகள் செய்யச் சொன்னார். தசை நொதி சற்றே உயர்ந்திருந்தது, சிறுநீரகத்துக்குக் கேடில்லை. ஈரோட்டு மருத்துவரிடம் தொலைபேசியில் பேசி, இரண்டு அட்டைகளையும் ஒன்றாக்கி, புதிய சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒன்றரை மாதத்தில் கால்வலி நின்றது.

ஊருக்குப் புறப்படும்போது இந்தத் தொட்டிக் கணக்கை அவருக்கு விளக்க முயன்றேன். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் அறுபது ஆண்டுகள் நெல் விளைவித்தவருக்கு அது தேவைப்படவில்லை. "வடிகாலைப் பார்க்காம மடையைத் திறக்கக்கூடாதுன்னு சொல்றீங்க. அவ்வளவுதானுங்களே?" என்றார். அவ்வளவுதான்.